பதிமூன்றாவது கரண்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை யாரும் யோக்கியன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பதிமூன்றாவது கரண்டியை முதன்முதலில் கேட்டு வாங்கினவன் நான்தான்.

எனக்குப் பாத்திரக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பின் தெருவிலிருந்து தங்கச்சி ஒரு டஜன் மரக்கரண்டியை நூலால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. 'அண்ணே, அண்ணே' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அப்படி ஆகிப்போனவள். நான் நூலைப் பிரித்து எண்ணினேன். பன்னிரண்டு சரியாக இருந்தது. சரியாக இருந்தால் வியாபாரிக்குப் பிடிக்குமா? ஒன்று விரிசல் விட்டு விரிந்து போனால் யார் தலையில் கட்டுவது, கொசுறாக ஒன்று வைம்மா என்றேன். மறு பேச்சில்லாமல் வைத்தாள். அன்றிலிருந்து டஜனுக்குப் பதிமூன்று. அதிலும் கழித்துப் போட்டதை எடுத்துத் தர மாட்டாள். கட்டுக்கு முடிச்சுப் போட்ட பிறகு குவியலைக் கிளறி, இரண்டைத் திருப்பிப் பார்த்து, இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து என் கையில் வைப்பாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

அப்போது அவள் புருஷன் வெளிநாட்டில் இருந்தார். யாருடைய கிடங்கிலோ பெட்டி தூக்குகிற வேலை. பதினோரு வருஷம் தூக்கினார். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்து போனார். அவர் அனுப்பினதில் இவள் ஒரு வெட்டுகிற மெஷின், ஒரு தேய்க்கிற மெஷின் வாங்கிப் போட்டு, வீட்டின் முன் அறையையே பட்டறை ஆக்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதுகு இனிமேல் பெட்டி தூக்காது என்று சொல்லிவிட்டதும், அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தது மகள். அப்போது அவளுக்கு ஏழு வயசு. உள்ளே திரும்பி, "அம்மா, ஃபோன்ல வர்ற அப்பா வாசல்ல நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டாள். தெருவே சிரித்தது. அந்த மனுஷன் பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவில் அவருக்கு 'ஃபாரின்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஃபாரின் வந்தாச்சா, ஃபாரின் சாப்பிட்டாச்சா. தங்கச்சி புருஷன் என்பதால் நான் மட்டும் மாப்ளே என்பேன். பட்டறையில் மூன்று பெண்கள் தேய்க்க வருவார்கள். வெட்டுவதும் குழிப்பதும் அவர் வேலை. கடைசியாக உப்புத்தாள் போட்டு இழைப்பது, எண்ணெயில் முக்குவது, கட்டுவது எல்லாம் தங்கச்சி. என் மாதிரி நாலைந்து கடைக்குப் போட்டு என்ன மிஞ்சும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். முதுகு போன ஆளையும் மறுபடி வெளிநாட்டுக்குக் கூப்பிட ஒரு ஏஜென்ட் இருந்தார், மாசம் ஒரு தடவை ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தார். உட்கார்ந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலைதான் என்பார். மாப்ளே பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார். பக்கத்தில் மகள் இருந்தால் ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் திட்டத்தம்மா வந்தார். சின்னத் தொழில் செய்கிறவர்களை உலகச் சந்தையில் போட்டி போட வைக்கிற திட்டமாம், அதனால் அவர் எங்களுக்குத் திட்டத்தம்மா. உலகச் சந்தையில் எனக்கும் ஒரு கடை கிடைக்குமா மேடம், வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தோளில் ஒரு பை, அதற்குள் நாற்பது பட்டறையின் காகிதம், செருப்பின் ஒரு வார் அறுந்து ஊசி குத்தியிருந்தது. பாவம், அவரும் யாருக்கோ பதில் சொல்கிற ஆள்தான்.

நல்லது செய்தார், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு முள் வைத்த ஒரு சின்ன மீட்டர் கொடுத்தார். முள்ளைக் கரண்டியில் அழுத்தினால் மரத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எண் காட்டும். பத்துக்கு மேலே காட்டினால் கப்பலில் ஏற்றக் கூடாது, போகிற வழியில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் பத்துக்குக் கீழே கொண்டுவருவது லேசா? படுக்கிற அறையைக் காலி பண்ணி, தட்டுத் தட்டாகச் சட்டம் அடித்து, ஃபேனைப் போட்டுக் கரண்டியைப் படுக்க வைத்தார்கள். குடும்பத்தில் மூன்று பேரும் மெஷினுக்குப் பக்கத்தில் மரத்தூளுக்குள் படுத்தார்கள். தேய்க்கிற பெண்களுக்குத் தலையில் போட வலைத்தொப்பி வந்தது. "கரண்டிக்கு என்ன ஆபரேஷனா பண்ணப் போறோம்?" என்று அதில் ஒருத்தி கேட்டாள். ஆனாலும் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நோட்டு.

அவர் சொன்னபடி மெதுவாகக் காயவைத்ததில் ஒரு விஷயம் நடந்தது. கரண்டி விரிவது நின்றுபோனது. எப்போதும் விரிவதற்கென்று நூற்றுக்குப் பத்து கூடுதலாக வெட்டுவார்கள். இந்தத் தடவை அந்தப் பத்தில் ஏழெட்டு முழுசாக நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் வினையாக வந்தது.

திட்டத்தம்மா பிடித்துக் கொடுத்த ஒரு வெளிநாட்டுக் கடைக்கு அறுபது பெட்டி போகணும். பெட்டிக்கு இருபது கட்டு, கட்டுக்குப் பன்னிரண்டு. முதல் பத்துப் பெட்டியைத் திட்டத்தம்மா பக்கத்தில் நின்று எடை போட்டு, அந்த எடையையே அறுபதுக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். மீதி ஐம்பதைத் தங்கச்சி நாலு நாளில் கட்டி முடித்தாள். அது ஒரே கன்டெயினரில், சோப்புக்காரர் சரக்கு, துணிப்பை தைக்கிறவர்கள் சரக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து போனது. அன்றைக்கு லாரி திரும்புகிற வரைக்கும் தங்கச்சி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து, இது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ஏஜென்ட் நம்பரை அழித்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார் அண்ணே என்றாள். 

ஆறு வாரம் கழித்து ஒரு மத்தியானம். மழை விடாமல் கொட்டுகிறது. நான் என் நாலு டஜனை வாங்கிப் போக உட்கார்ந்திருந்தேன். திட்டத்தம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அங்கே துறைமுகத்தில் நம் பெட்டியை எடை போட்டிருக்கிறார்கள், காகிதத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறது, சந்தேகத்தில் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணினால் கட்டுக்குப் பதிமூன்று இருக்கிறது, மொத்தக் கன்டெயினரையும் நிறுத்திவிட்டார்கள் என்றார். மாப்ளே மெஷினை அணைத்தார். எண்ணித்தானே மேடம் அனுப்பினோம், அவர்கள்தான் தப்பாக எண்ணியிருப்பார்கள் என்று ஆரம்பித்தார். தங்கச்சி கையிலிருந்த உப்புத்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க வெச்சேன்" என்றாள்.

மடித்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள். 

"பதினொண்ணாம் பெட்டியிலேருந்து அறுபது வரைக்கும். எல்லாக் கட்டுலயும் ஒண்ணு. விரியாம மிச்சம் நின்னுச்சே, அதுல எடுத்து வெச்சேன்."

"பன்னெண்டுன்னு எத்தனை தடவை சொன்னேன்மா" என்றார் திட்டத்தம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பு இல்லாத குரல்.

"குறையக் கூடாதுன்னுதானே மேடம் சொன்னீங்க. முதல் தடவையா ஒருத்தங்க வீட்டுக்கு நம்ம பொருள் போகுது. எண்ணிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

குறைத்து வைத்தால்தானே தப்பு, கூடக் கொடுத்ததற்கு யாராவது ஆளைப் பிடிப்பார்களா என்று நானும் நடுவில் மூக்கை நுழைத்தேன். திட்டத்தம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தார். காகிதத்தில் இல்லாத பொருள் பெட்டிக்குள் இருந்தால் அது ஒளித்து அனுப்பினது, அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும் என்றார். இவர்கள் பெட்டிக்காக மற்றவர்கள் சரக்கும் சேர்ந்து நிற்கிறது என்றும் சொன்னார்.  இவளுக்கு இந்தப் பழக்கத்தை ஏற்றின ஆள் இதோ உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் என் நாலு டஜன், அதற்கு மேலே தனியாக நாலு கரண்டி.

மறுநாள் சோப்புக்காரர் வந்தார். சண்டைக்குத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். குடித்தார். படுக்கிற அறையில் சட்டம் நிற்பதைப் பார்த்தார். "வர்றேம்மா" என்று போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தங்கச்சி ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள்.

அதற்கப்புறம் சரக்கு வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. தப்பு என்ன, காரணம் என்ன, இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று மூன்று கட்டம். திட்டத்தம்மா தலைகீழாகக் கவிழ்த்த ஒரு பெட்டியின் மேல் அதை வைத்துத் தானே எழுதினார். எழுத எழுத வாசித்தும் காட்டினார். காரணம் என்ற கட்டத்தில், கட்டும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்.

"கவனம் இல்லாம வைக்கல மேடம்" என்றாள் தங்கச்சி. "கவனமாத்தான் வெச்சேன். ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்து, நல்லதா எடுத்து வெச்சேன்."

"தெரியும்மா. அதை எழுத இதுல கட்டம் இல்லையே."

அவர் பொய் சொல்லவில்லை, நானும் எட்டிப் பார்த்தேன், இல்லைதான். மூன்றாவது கட்டத்தில், அந்தத் தொழிலாளி கட்டும் வேலையிலிருந்து விலக்கப்பட்டார் என்று எழுதியாயிற்று. கீழே கட்டும் பிரிவின் பொறுப்பாளர் கையெழுத்து போட வேண்டும். அந்தப் பட்டறையில் கட்டுகிற தொழிலாளியும் அவள்தான், பொறுப்பாளரும் அவள்தான். தன்னை விலக்கித் தானே கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டு நின்றாள். அடுப்பு எரியவில்லை.

சரக்கு நின்ற நாட்களில் ஏஜென்ட் ஃபோன் போட்டார். இந்தத் தடவை மாப்ளே கொல்லைப்பக்கம் போகவில்லை. பரணிலிருந்து பழைய பெரிய பையை இறக்கி, பூஞ்சையைத் துடைத்து, மழை விட்ட நேரம் பார்த்து வெயிலில் வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அதைப் பார்த்தாள்.  தன் பழைய நோட்டு, உடைந்த பொம்மை, சின்னதாகிப்போன சட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்தப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அப்பனும் அதைத் தூக்கச் சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷத்தில்தான் அவள் தெருவைத் தாண்டும்போது அவர் விரலைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். அதுவும் முதலில் சட்டை நுனியைத்தான் பிடித்தாள்.

பத்தொன்பது நாள் கழித்துக் கன்டெயினரை விட்டார்கள். மாப்ளே என் கடைக்கே ஓடி வந்து சொன்னார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. சோப்புக்காரர் பட்டறையில் இருந்து ஒரு டப்பா சோப்பு வந்தது, கோபமில்லை என்று அர்த்தம். இன்னும் ஒரு மாசம் போயிற்று. அந்தப் பை எடுப்பாரில்லாமல் மூலையிலேயே கிடந்தது.

பிறகு திட்டத்தம்மா, சரக்கு வாங்கினவர்கள் எழுதின ஒரு கடிதத்தோடு வந்தார். அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல செய்தி என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தார், ஆனால் முகம் அதைச் சொல்லவில்லை. கரண்டி நன்றாக இருக்கிறதாம். அங்கே கடையில் வைத்ததும் விற்றுப்போய்விட்டதாம். அடுத்த தடவை மூன்று மடங்கு வேண்டுமாம். மாப்ளே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கட்டுக்குப் பதிமூணு வேணும்னு கேக்கிறாங்க" என்றார் திட்டத்தம்மா. "விலை அதே விலைதான்."

"பன்னெண்டோட விலையா?"

"பன்னெண்டு விலைக்குப் பதிமூணு குடுக்க உங்களால முடிஞ்சிருக்கேன்னு எழுதியிருக்காங்க."

மாப்ளே கடிதத்தை வாங்கினார். அவருக்கு அந்த எழுத்து ஓரளவு படிக்க வரும். இரண்டு தடவை படித்தார்.

"மேடம், எல்லாம் போக ஒரு கட்டுல நமக்குன்னு நிக்கிறதே ஒரு கரண்டி விலைதான். அதையும் குடுத்துட்டா நான் இங்க சும்மா உக்காந்து சாப்பிடுறேன்னு அர்த்தம்."

எழுதிக் கேட்டுப் பார்த்தேன் என்றார் திட்டத்தம்மா. வேறு தேசத்தில் இன்னொருத்தர் பதினாலு தரத் தயாராக இருக்கிறாராம். அவருக்கும் இவரை மாதிரி ஒரு மேடம் போய் மீட்டர் கொடுத்திருப்பாராக இருக்கும். சொல்லிவிட்டு அறுந்த வாரைக் குனிந்து சரிபண்ணினார், நிமிர வெகு நேரம் ஆயிற்று. வேண்டாம் என்றால் வேண்டாம், நான் கட்டாயப்படுத்தவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்றார் மாப்ளே. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற பயல்கள் என்று நான் ஒரு பாட்டம் திட்ட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. மடத்தைப் பிடுங்கின முதல் பயல் யார்?

மாப்ளே சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் போயிடறேன்" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். "சீட்டு ஒட்டுற வேலைதானாம். பழையபடி நம்ம கடைகளுக்கு மட்டும் நீ போடு. போதும்."

தங்கச்சி மூலையில் கிடந்த பையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை, அலுப்பு மட்டும்தான் இருந்தது. மூன்று வேளை சோற்றுக்கும் ஒரே பாத்திரத்தைக் கழுவிக் கழுவி வைக்கிறவள் முகம் மாதிரி.

"போனா எத்தனை வருஷம்?"

அவரும் அந்தப் பையைப் பார்த்தார்.

"போன தடவை பதினோரு வருஷம் ஆச்சு. இப்பவும் அப்படி ஆச்சுன்னா நீங்க வரும்போது அவளுக்கு இருபது வயசுங்க. கதவைத் திறந்து யாருன்னு கேப்பா."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

அவள் திட்டத்தம்மா பக்கம் திரும்பினாள். "பதிமூணுன்னே எழுதுங்க மேடம்."

"முடியுமாம்மா?"

"பன்னெண்டு எல்லாரும் சேந்து செய்வோம். அவங்க கூலியில கை வைக்க மாட்டேன். பதிமூணாவது என் கை. தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூட உக்காந்தா முடிஞ்சிரும். அவர் இங்க இருக்கட்டும்."

மாப்ளே எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வெட்ட வேண்டிய மரம் அன்றைக்கு ஒன்றும் இல்லை, சும்மா ஓடியது. திட்டத்தம்மா எழுதிக்கொண்டு போனார். அவர்கள் அறிக்கையில் அந்தப் பட்டறை, போட்டி போடத் தகுதி பெற்ற பட்டறை என்று ஏறிவிட்டதாம், பிறகு சொன்னார்கள்.

இரண்டு மாசம் கழித்து என் நாலு டஜனுக்காகப் போனேன். மழை நின்று நல்ல வெயில். தேய்க்கிற பெண்கள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். தங்கச்சி மட்டும் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. புருவம், மூக்கு எல்லாம் மரத்தூள். என்னம்மா கை என்றேன். ஒண்ணுமில்லண்ணே, ராத்திரி கொஞ்சம் குடையுது என்றாள். உள்ளே மாப்ளே மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் "அப்பா, அது அப்படி இல்லப்பா" என்று அவரையே அதட்டிக்கொண்டிருந்தாள். பரணில் இருந்து இறங்கின பையில் இப்போது அவள் பழைய புத்தகங்கள்தான்.

தங்கச்சி எழுந்து என் சரக்கை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு டஜனையும் என் எதிரிலேயே எண்ணினாள், பன்னிரண்டு. முடிச்சுப் போட்டாள். நாலு கட்டுகளையும் என் பக்கம் தள்ளினாள். என் கை தானாக நீண்டது. சத்தியமாக நான் நீட்டவில்லை, பன்னிரண்டு வருஷப் பழக்கம், அதுவாக நீண்டது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள். கிளறவில்லை.

"அண்ணே, அது இப்ப கப்பல்ல போகுது" என்றாள்.

குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. மழை வரும், துணியை எடுத்துவிடு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து, விட்ட கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றேன். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு கட்டின் நூலை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தாள்.